விண்டோஸ் வீடு மாறுமா? அட, இதெல்லாம் தெரியுமா?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாச்சா? பழையதில் காசு கொடுத்துப் போட்ட விண்டோஸ் என்ன ஆகும்? அதையும் கூடவே கூட்டிப்போக முடியுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

ஒரே முகம், இரண்டு ஜாதகம்!
தனியாகக் கடையில் வாங்கியது 'ரீடெய்ல்' உரிமம். கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவும்! லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டே வருவது 'ஓஇஎம்' உரிமம். பிறந்த மதர்போர்டை விட்டு நகராது! திரையில் பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே! உங்களுடையது எது? கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ' என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். குட்டி ஜன்னல் ஒன்று எட்டிப்பார்த்து ஜாதகத்தையே சொல்லிவிடும்!

சிப்புக்குள் ஒளிந்த சாவி!
2012-ல் விண்டோஸ் 8 வந்தது. அதன்பின் பெரிய கம்பெனி லேப்டாப்களில் ப்ராடக்ட் கீ ஸ்டிக்கரையே காணோம்! எங்கே போனது? மதர்போர்டு சிப்புக்குள்! ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எறிந்து புதிது மாட்டினாலும், அதே பதிப்பை நிறுவினால் விண்டோஸ் தானாகவே கீயைப் படித்துக்கொள்ளும்!

உயிரெழுத்தே இல்லாத 25!
விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கீயில் 25 இடங்கள். நிரப்ப 24 குறிகள் மட்டுமே! ஆங்கில உயிரெழுத்து ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது! 0, 1, 5 ஆகிய எண்களும் கிடையாது! இந்த 24 குறிகளால் 25 இடங்களையும் எத்தனை விதமாக நிரப்பலாம் தெரியுமா? விடையை எழுத 35 இலக்கம் வேண்டும்!

ஒன்று ஒன்றாகத் தட்டினாலே திறந்த பூட்டு!
1995-ல் வந்த விண்டோஸ் 95 எதைச் சரிபார்த்தது தெரியுமா? கீயின் கடைசி ஏழு எண்களைக் கூட்டினால் 7-ஆல் வகுபட வேண்டும். முக்கியமான சோதனையே அவ்வளவுதான்! அதனால் 111-1111111 என்று அடித்தாலும் கதவு திறந்தது!

கம்ப்யூட்டருக்குள் ஓட்டெடுப்பு!
2001-ல் எக்ஸ்பி வந்ததும் எல்லாம் மாறியது! ப்ராசஸர், ராம் அளவு, ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ் என 10 அம்சங்களைக் குறித்துவைத்துக்கொண்டது. 'இது அதே கம்ப்யூட்டர்தானா?' என்று அவற்றிடம் ஓட்டுக் கேட்டது! நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் 3 ஓட்டு!

போனில் 63 எண்கள்!
விண்டோஸ் 10-ஐப் போன் வழியே ஆக்டிவேட் செய்தவர்கள் 63 எண்களை ஒப்பிக்க வேண்டியிருந்தது! பதிலாக வந்தவை 48 எண்கள்! மொத்தம் 111!

ஆர்வலர்கள் மாற்றிய சட்டம்!
2006 அக்டோபர். விண்டோஸ் விஸ்டா இன்னும் கடைக்கே வரவில்லை. அதன் உரிமத்தை ஒரே ஒருமுறைதான் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாம் என்றது ஒப்பந்தம். கம்ப்யூட்டரைத் தாங்களே சேர்த்துக் கட்டும் ஆர்வலர்கள் கொதித்தெழுந்தார்கள்! சில வாரங்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த வரியைத் திருத்தியது!

நீதிமன்றம் ஏறிய உரிமம்!
கம்ப்யூட்டரோடுதான் விற்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன ஓஇஎம் மென்பொருளைத் தனியாகவும் விற்கலாம் என்று தீர்ப்பளித்த நாடு எது தெரியுமா? ஜெர்மனி, 2000-ல்! 2012 ஜூலை 3-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது! இணையத்தில் இறக்கிய மென்பொருளின் நிரந்தர உரிமத்தையும், தன் பிரதியை அழித்துவிட்டால், மறுவிற்பனை செய்யலாம் என்றது! ஆரக்கிள் நிறுவனத்தை எதிர்த்து அந்த வழக்கில் நின்றது யூஸ்டுசாஃப்ட் என்ற பழைய உரிம வியாபாரி!

ஒரு பட்டனில் குடிபெயர்ப்பு!
2016 முதல் விண்டோஸ் 10 உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கலாம். உங்களுடையது ரீடெய்ல் உரிமமாக இருந்து, மதர்போர்டு மாற்றினீர்களா? ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் 'சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்' என்பதை அழுத்தினால் பழைய உரிமத்தைத் தேடி எடுத்துவிடும்! ஆனால் ஒரு உரிமம், ஒரு நேரத்தில், ஒரே கம்ப்யூட்டருக்கு!

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடப் போகிறீர்களா? ஒரு நிமிடம்! முதலில் அந்தக் குட்டி ஜன்னலைத் திறந்து பாருங்கள். 'ரீடெய்ல்' என்று இருந்தால் உங்கள் காசு இன்னும் உயிரோடு இருக்கிறது! காயலான் கடைக்குத் தகரம் மட்டும் போகட்டும்!