நெய், வீவ்: இரண்டு வினைகளின் பூர்வீகம்

ஆரணிப் பக்கம் தேவிகாபுரத்தில் பட்டுத்தறி ஓடுவதை அருகில் நின்று பார்க்க வேண்டும். மிதியை அழுத்தியதும் பாவு மேலும் கீழுமாகப் பிரிகிறது. அந்த இடைவெளியில் நாடா பாய்ந்து ஊடையை விட்டுச் செல்கிறது. அச்சு அதை அடித்து நெருக்குகிறது. இவ்வளவையும் சொல்லத் தமிழுக்கு ‘நெய்’ என்ற சின்ன வினை போதும்.

மலையாளத்தில் இது நெய்யுக, கன்னடத்தில் நேய், தெலுங்கில் நேயு. தெலுங்கர் கைத்தறியைச் சேனேத என்பார்கள். அதற்குள்ளும் இதே வேர்தான். பர்ரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவை ஒரே குடும்பம். இவற்றுக்கெல்லாம் தாயாக மூலத் திராவிட வடிவம் ஒன்றை அறிஞர்கள் ஊகித்து, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுகிறார்கள். எந்தக் கல்வெட்டிலும் ஓலையிலும் கிடைக்காத சொல், பிள்ளைகளை வைத்துப் பெற்றவளைக் கணித்தது என்று அதற்குப் பொருள்.

ஐரோப்பாவிலும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் வீவ், டச்சில் வேவன், ஜெர்மனில் வேபன், ஐஸ்லாந்து மொழியில் வேவா. இவற்றிலிருந்து மீட்டெடுத்த மூல ஜெர்மானிய வினை *வெபன. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவில் வழங்கிய மொழி மூல ஜெர்மானியம். வெப்ஸ்டர், வேபர் என்ற குடும்பப் பெயர்கள் இந்த வினையின் வாரிசுகள். இரண்டுக்கும் நெசவாளர் என்றே பொருள். நாம் தினமும் தட்டும் இணையத்தின் ‘வெப்’பும் அப்படித்தான். அண்ணன் தம்பி மொழிகளைத் தாண்டிப் போனால், சமஸ்கிருதத்தில் சிலந்திக்கு வழங்கிய ஊர்ணவாபி என்ற பழம்பெயரில் உள்ள ‘வாபி’ இதற்குப் பங்காளி. ஊர்ணவாபி என்றால் கம்பளி நெய்வது என்று அர்த்தம். சிலந்திக்குப் பெயர் வைத்தவர் தறியைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்!

உறவை எப்படி நிரூபிப்பது? ஒலி மாற்றம் ஒழுங்காக வர வேண்டும். ஆங்கிலத்தின் வீவ் ஜெர்மனில் வேபன் என்றால், லிவ் லேபன் ஆக வேண்டும், கிவ் கேபன் ஆக வேண்டும். ஆகின்றன. நம் பக்கத்தில் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதும், பல் ஹல்லு ஆவதும் இதே மாதிரிதான்.

ஒரு பொறியும் உண்டு. ஜெர்மனில் தைப்பதற்கு நேயன் என்று ஒரு வினை இருக்கிறது. தெலுங்கின் நேயு பக்கத்தில் வைத்தால் ஒட்டிப் பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் நேயனின் சொந்தம் ஆங்கிலத்தின் நீடில், அதாவது ஊசி. ஒரு சொல் ஒத்துப்போனதை வைத்துத் தமிழையும் ஜெர்மனையும் சம்பந்தி ஆக்குபவர்கள், வரிசையாகப் பத்துச் சொற்களைக் காட்டட்டும். அதுவரை இது தற்செயல்தான்.

ஒப்பிட மூலப்பொருள் பேச்சுவழக்கில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ தறி இருந்தால், அதன் ஒவ்வொரு பாகத்தையும் பெரியவர்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.