நாய்க்குட்டியை ஏற்கும் முன்

 

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிக் கிராமங்களில் ஆடு வளர்ப்போரும், கடலையும் மக்காச்சோளமும் பயிரிடுவோரும் கேட்கும் வினா ஒன்று உண்டு. தெருவில் திரியும் நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கலாமா? நாய் என்றாலே கல்லெடுப்பவர் ஒரு சாரார். பிள்ளைகள் அழுதார்கள் என்று குட்டியைத் தூக்கி வந்து, அது வளர்ந்ததும் கண்மாய்க்கரையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வருபவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருமே மார்க்கத்தை முழுமையாக அறிந்தவர்கள் அல்லர்.

குகைவாசிகளின் வரலாற்றைக் கூறும் திருக்குர்ஆன் (18:18), வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த அவர்களின் நாயையும் விடாமல் குறிப்பிடுகிறது. வேட்டைக்குப் பழக்கிய பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண 5:4 வசனம் அனுமதி தருகிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயால் கவ்வியபடி ஏறிவந்து புகட்டிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்பது புகாரியில் பதிவான செய்தி. சித்திரை வெயிலில் நம் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும்போது இந்த ஹதீஸின் பொருள் நமக்கு நன்றாகவே விளங்கும்.

அதே சமயம், வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்ற எச்சரிக்கையும் புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளது. நாய் உள்ள வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்பதும் ஸஹீஹான ஹதீஸே. விவசாயத்தைச் சேர்த்து அறிவித்தவர் அபூஹுரைரா (ரலி) அவர்கள். அவருக்கு நிலம் இருந்தது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. நிலமுடையவர் நிலத்துக்கான சட்டத்தைக் கவனமாக நினைவில் வைப்பது இயல்புதானே!

இவற்றை நம் வட்டாரத்தோடு பொருத்திப் பாருங்கள். கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போடுபவருக்கும், காட்டுப்பன்றியிடமிருந்து சோளத்தைக் காப்பவருக்கும் அனுமதி தெளிவாக உள்ளது. வேட்டையோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. முயல் வேட்டைக்கு என்று நாய் வளர்ப்பவர் ஹதீஸைச் சான்றாகக் காட்டித் தப்ப இயலாது. வீட்டுக் காவலைப் பொறுத்தவரை, தேவை இருப்பின் அந்த மூன்றோடு ஒப்பிட்டு அனுமதிக்கலாம் என்பதே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். இப்பணிகளுக்குப் பழக்குவதற்காகக் குட்டியை வளர்ப்பதும் கூடும் என்றே அவர்கள் கூறுகிறார்கள். ஆடம்பரத்துக்கும் விளையாட்டுக்கும் வளர்ப்பது இதில் அடங்காது.

நம் விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையம், சிப்பிப்பாறை இனங்கள் புகழ்பெற்றவை. இராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலையே வெளியாயிற்று. அதனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவது கௌரவமாகிவிட்டது. நாயை விற்ற காசை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அவ்விற்பனை செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் பயனுள்ள நாயை விற்க இடமுண்டு. தேவையுள்ளவர், ஆதரவற்ற குட்டியை விலையின்றி ஏற்றால் இச்சிக்கல் எழுவதே இல்லை. ஆட்டைக் காக்க நாட்டுநாய் போதாதா என்ன?

குட்டியை ஏற்பவர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். கண் திறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள்; எட்டு வாரமாவது பால் குடிக்கட்டும். குடற்புழு மருந்தும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில், பொதுவாக ஆண்டுதோறும், ஊசி தொடர வேண்டும். நம் வீடுகளில் மிஞ்சும் பிரியாணியை அப்படியே கொட்டுவதை நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுதும் வியர்வை சுரப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். ஆகவே வேப்பமர நிழலும், நாள் முழுதும் வற்றாத நீர்த்தொட்டியும் தேவை. பகலெல்லாம் குட்டையான சங்கிலியில் கட்டிப்போடுவது கொடுமையாகும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்ற பெண்ணின் முடிவை நாம் அறிவோம்.

கருத்தடை பற்றியும் கேட்கிறார்கள். பயனிருப்பின் கூடும் என்பது ஹனஃபீ நிலை. உண்ணத்தகாத பிராணியில் கூடாது என்பது ஷாஃபிஈ நூல்களின் நிலை. உள்ளூர் ஆலிமிடம் கேட்டுச் செயல்படுங்கள். பெட்டை நாயை வளர்ப்பவர், ஏறத்தாழ 63 நாள் சினைக்குப் பின் பிறக்கும் குட்டிகளுக்கும் தாமே பொறுப்பு என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளட்டும்.

தங்குமிடம் தொழுவத்திலோ தோட்டத்திலோ அமையட்டும். தொழும் அறைக்கும் சமையற்கட்டுக்கும் அது வரலாகாது. ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் எச்சிலே நஜீஸ். மூன்றுமுறை கழுவினால் போதும். உலர்ந்த உடை உலர்ந்த மேனியில் உரசினால் இரு மத்ஹபிலும் உடை அசுத்தமாவதில்லை. இதை அறியாமல்தான் பலர் நாயைக் கண்டு பதறி ஓடுகின்றனர், குழந்தைகளும் பயந்து ஓடிக் கடிபடுகின்றனர்.

நாய் கடித்தால், அது நம் வீட்டு நாயே ஆயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள். மருத்துவர் சொல்லும் நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

குடும்பத்தோடு சென்னைக்கோ, பிழைப்புக்காக வளைகுடாவுக்கோ செல்ல நேர்ந்தால் நாயை யார் பொறுப்பேற்பார் என்று குட்டியை எடுக்கும் அன்றே பேசிவிடுங்கள். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். பொறுப்பேற்க எவரும் இல்லையெனில் குட்டியை எடுக்காமல், வாசலுக்கு வெளியே ஒரு மண்தொட்டியில் நீர் மட்டும் வைத்து வாருங்கள்.