அலுமாரியில் உறங்கிய நத்தார் கீதங்கள்

மார்கழி பிறந்தால் எமது ஊர்த் தெருக்களுக்கு இருவகைப் பாடல்கள் வந்துவிடும். வைகறையிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிச் செல்வோர் ஒருபுறம். இரவானதும் விளக்கேந்தி வீடுவீடாக நத்தார்க் கீதம் இசைத்து வருவோர் மறுபுறம். சைவ வீட்டிலே வளர்ந்த நாம், முன்னது எமது சொத்து, பின்னது அயல்வீட்டுச் சொத்து என்றே எண்ணியிருந்தோம். அந்த அயல்வீட்டுச் சொத்து எமது அலுமாரியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்ததைச் சென்ற மார்கழியிலேதான் கண்டோம்.

ஐயாவின் பழைய அலுமாரியை ஒதுக்கியபோது, அடித்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே திரைப்பாடல் இசைத்தட்டுகள் சில. அவற்றின் கீழே நத்தார் இசைத்தட்டுகள் மூன்று. உறைகளின் மூலைகளை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. பார்த்த மாத்திரத்தே நினைவு வந்தது. 1990 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பக்கத்து வளவிலிருந்த கத்தோலிக்கப் பெரியவர் பிள்ளைகளிடம் கனடாவுக்குப் புறப்பட்டபோது, இவற்றை ஐயாவின் கையிலே கொடுத்து, "வைச்சிரும் தம்பி, வந்து வாங்கிறன்" என்று சொல்லிப் போனார். அவர் வரவில்லை. அவ்வாண்டின் நடுப்பகுதியிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றுபோயிற்று. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு நாம் திரும்பி வந்து பார்த்தபோது, றெக்கோட் பிளேயர் இல்லை, கதிரைகள் இல்லை, கிணற்று வாளிகூட இல்லை. இசைத்தட்டுகள் மட்டும் இருந்தன. எவருக்கும் வேண்டாத பொருளாயிருப்பதும் சில வேளை நல்லதுதான்!

கொழும்பிலே பழைய றெக்கோட் பிளேயர் ஒன்றை வாங்கி வந்து, முதலில் ஜிம் ரீவ்ஸின் தட்டை வைத்தோம். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் குரலை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஒலிவாங்கிக்கு மிக அருகே நின்று, காதோடு பேசுவதுபோலத் தணிந்து பாடுவது அவர் பாணி. பன்னிரண்டு நத்தார்ப் பாடல்களைக் கொண்ட இத்தட்டு 1963 ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஆடி 31 ஆந் திகதி, தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நாஷ்வில் நகருக்கருகே புயல்மழையில் வீழ்ந்து நொறுங்க, அவர் மாண்டார். வயது நாற்பது. அந்தத் தட்டு வெளிவந்த பின் அவர் கண்ட நத்தார் ஒன்றேயொன்று.

இரண்டாவது பிங் கிறொஸ்பியின் தொகுப்பு. 1945 ஆம் ஆண்டு அது முதலில் வெளிவந்தபோது ஒரே தட்டன்று, ஐந்து தட்டுகள். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடாதாகையால், பல தட்டுகளைப் புகைப்படப் புத்தகம் போலக் கட்டி விற்றனர். 'அல்பம்' என்ற பெயர் நிலைத்தது அவ்வாறே. அதிலுள்ள வெண்பனி நத்தாரைப் பற்றிய பாடல் உலகப் புகழ் பெற்றது. அவர் அதை ஒலிப்பதிவு செய்தது 1942 வைகாசி மாதத்திலே. பனிக்கும் அம்மாதத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. பிரதி எடுத்து எடுத்து மூலத்தட்டே தேய்ந்துபோக, 1947 இல் மீண்டும் பாடிப் பதிந்தனர். அதை இயற்றிய ஏர்விங் பேர்லின், ருசியாவிலே பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற யூதர். நத்தார் அவரது சமயப் பண்டிகையன்று. ஆனால் 1928 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்றே அவருடைய பச்சிளம் ஆண் குழந்தை இறந்துபோயிற்று. கொண்டாட்டப் பாட்டென்று நாம் கேட்டு வந்ததிலே ஏக்கம் தொனிப்பதன் காரணம் இதுதானோ என்று எமக்குத் தோன்றியது. போருக்குப் போன அமெரிக்க வீரர்களும் தொலைதூர முகாம்களிலிருந்து அப்பாட்டையே விரும்பிக் கேட்டார்களாம்.

மூன்றாவது, போனி எம் குழுவினர் 1981 இல் வெளியிட்டது. எமது பிள்ளைகளுக்கு அதுவே பிடித்திருக்கிறது, ஆடுவதற்கு ஏற்றதாம்.

நத்தாருக்கு முந்திய நாள், பெரியவரின் மகளாரைக் கனடாவிலே தொலைபேசியில் தேடிப் பிடித்தோம். தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் என்றார். நாம் விவரஞ் சொல்லாமலே, ஜிம் ரீவ்ஸின் தட்டில் பழைய நத்தார் வாழ்த்து அட்டையைப் பற்றிய பாடலில் ஊசியை வைத்து, தொலைபேசியை அருகே பிடித்தோம். மறுமுனையில் மூச்சுப்பேச்சில்லை. திடீரென்று, "இப்ப பாயும் பாரும் தம்பி" என்றார். சொல்லி வாய் மூடுமுன் ஊசி துள்ளி ஒரு வரியைத் தாண்டியது. "அப்பா கதிரையை இழுக்கேக்கை விழுந்த கீறல். அம்மா ஒரு கிழமை அவரோடை கதைக்கேல்லை" என்று சிரித்தார், பின் அழுதார்.

பொருள் அவர்களுடையதாயிற்றே, அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டோம்.

"நீர் வைச்சிரும் தம்பி, வந்து வாங்கிறன்" என்றார்.

மூன்றுக்கும் புதிய உறை போட்டு, பூச்சி எட்டாத மேல்தட்டிலே வைத்திருக்கிறோம்.