கேசரிப் பவுடருக்குள் என்ன இருக்கிறது?

ரவா கேசரியின் மணம் நெய்யிலிருந்தும் ஏலக்காயிலிருந்தும் வருகிறது, இனிப்பு சர்க்கரையிலிருந்து. பளிச்சென்ற அந்த ஆரஞ்சு நிறம் பெரும்பாலும் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ என்னும் செயற்கைச் சாயங்களிலிருந்து வருகிறது. பொட்டலங்களின் பின்புறத்தில் இவை 102, 110 என்ற எண்களாக இருக்கும்.

இந்திய விதிகள் உணவுக்கு அனுமதிக்கும் செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றையும் எல்லா உணவிலும் சேர்க்க முடியாது. சேர்க்கத்தகும் பலவற்றில் உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். தொழிற்சாலையில் இதை எடைபோடலாம். வீட்டிலும் கல்யாணச் சமையலிலும் கைக்கு வந்தபடி அள்ளிப் போடும்போது அளவு தப்பிவிடுகிறது.

அளவு ஏன் முக்கியம்? 2007இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாயக் கலவையும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக அவர்களிடம் பரபரப்பு சற்றே கூடியது. எல்லாக் குழந்தைகளும் ஒரேபோல் பாதிக்கப்படவில்லை. கலவையாகக் கொடுத்ததால் எந்தப் பொருள் காரணம் என்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 2010 முதல், 102, 110, 122, 124 உள்ளிட்ட ஆறு நிறங்கள் சேர்ந்த உணவுகளில் குழந்தைகளின் கவனம் பாதிக்கப்படலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. டார்ட்ரசின் சிலருக்குத் தோல் அரிப்பையும் தடிப்பையும் தரக்கூடும்.

ரோடமின்-பி கதை வேறு. அது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். உணவில் துளியும் கூடாது. பஞ்சுமிட்டாயில் அது கலந்திருந்தது தெரிந்ததும், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதித்தது.

எல்லாச் சேர்பொருளையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. 211 என்ற எண்ணுள்ள சோடியம் பென்சோயேட், புளிப்பான பானங்களிலும் ஊறுகாயிலும் பூஞ்சை வளராமல் தடுக்கிறது. வைட்டமின் சியுடன் சேர்ந்து வெப்பமும் வெளிச்சமும் பட்டால் அதிலிருந்து மிகச் சிறிதளவு பென்சீன் உண்டாகலாம். அதனால் அத்தகைய பாட்டில்களை வெயிலில் வைக்கக் கூடாது. ஆனால் அது உணவைக் காக்கிறது. செயற்கை நிறமோ உணவைக் காப்பதில்லை, சத்தும் தருவதில்லை. கண்ணைக் கவர்வது மட்டுமே அதன் வேலை.

ஆகவே முதலில் விட வேண்டியது நிறத்தைத்தான். பொட்டலத்தைத் திருப்பி எண்களைப் பாருங்கள். எண்ணே இல்லாத உதிரி இனிப்பு கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால் குழந்தைக்கு வாங்காதீர்கள். வீட்டுக் கேசரியில் பவுடரை விட்டுவிடுங்கள். ருசி துளியும் குறையாது.