எந்திரம் வாங்கலாம், படத்தை வாசிப்பவர் எங்கே?

நமது மலைநாட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், நோயோடு பாதையும் சேர்ந்தே வருகிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, எந்த பஸ்ஸில் போவது, யார் கூட வருவது என்பதெல்லாம் மருந்துக்கு முன்னரே பேசித் தீர்க்க வேண்டியவை. கினிகத்தேனையில் இதை விளக்கத் தேவையில்லை. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் பெருவீதியில் உள்ள நமது பட்டினம் நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் மாவட்டப் பொது வைத்தியசாலையோ ஹட்டனையும் தலவாக்கலையையும் தாண்டி நுவரெலியாவில் இருக்கிறது. ஆகவே கடுமையான நோயாளியை நாவலப்பிட்டிக்கோ, அங்கிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ கொண்டு செல்வதே வழக்கம். நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான, வட்டவளைப் பக்கத்துத் தோட்ட மக்களுக்குப் பாதை இன்னும் நீளம்.

இப்படிப் போகிறவர்களில் பலரின் கையில் இருப்பது ஒரு சிறு துண்டு. "ஸ்கேன் எடுத்து வரவும்" என்பதே அதில் எழுதியிருக்கும். அந்தத் துண்டுக்குப் பின்னால் இருக்கும் பிரச்சினை பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

படம் எடுப்பவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர்

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் பேராசிரியர் றொன்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. தமது கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றுப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. அதனால் அந்தக் கதிர் விரைவிலேயே உலகமெங்கும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குச் சென்றடைந்தது. பின்னர் ஒலியலைகளைப் பயன்படுத்தும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், உடலைத் துண்டு துண்டாகப் படம்பிடிக்கும் சி.ரி. ஸ்கேன், காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவை வந்தன.

எந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் நோய் தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்து, அளவான கதிரைச் செலுத்திப் படம் எடுப்பவர் கதிர்ப்படப்பிடிப்பாளர். 'ரேடியோகிராபர்' என்று சொல்வது இவரைத்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் இத்துறையில் பட்டதாரிகளை உருவாக்குகிறது. எடுத்த படத்தைப் பார்த்து, "இது புற்று, இது வெறும் நீர்க்கட்டி, இது பழைய காசநோயின் தழும்பு" என்று பிரித்தறிந்து அறிக்கை எழுதுபவர் கதிரியக்கவியல் விசேட வைத்திய நிபுணர். இவர் முழுமையான ஒரு டாக்டர். நுண்மையான அல்ட்ராசவுண்ட் பரிசோதனைகளைத் தமது கையாலேயே செய்பவரும், ஸ்கேனின் துணையோடு ஊசி செலுத்திக் கட்டியிலிருந்து சதை எடுப்பவரும் இவரே.

சத்திர சிகிச்சை நிபுணர் கத்தியை எடுப்பதற்கு முன்னரும், புற்றுநோய் நிபுணர் மருந்தைத் தீர்மானிப்பதற்கு முன்னரும் இவருடைய அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். இவர் இல்லாத இடத்தில் மற்ற நிபுணர்களின் வேலையும் பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு நிபுணர் உருவாக எத்தனை வருடங்கள்?

கணக்குப் பார்ப்போம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தேறிய பிள்ளை மருத்துவ பீடத்தில் ஐந்து வருடங்கள் படிக்க வேண்டும். பின்னர் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அதன் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சையில் தேற வேண்டும். 1980இல் தொடங்கப்பட்ட அந்நிறுவகமே நாட்டின் விசேட நிபுணர்களை உருவாக்குகிறது. பல வருடப் பயிற்சி, எம்.டி. பரீட்சை, சிரேஷ்ட பதிவாளராகச் சேவை, வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சி என்று எல்லாம் முடிந்த பின்னரே அவர் நிபுணராக ஏற்றுக்கொள்ளப்படுகிறார். மருத்துவ பீடத்துள் நுழைந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்கள்!

எந்திரத்துக்குக் கேள்விப்பத்திரம் கோரிச் சில மாதங்களில் வாங்கிவிடலாம். இன்று ஒரு நிபுணர் குறைந்தால், அவருடைய இடத்துக்கு வரவேண்டியவர் பத்து வருடங்களுக்கு முன்னரே படிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். திட்டமிடத் தவறிய வருடத்தின் விலையை அடுத்த தலைமுறை கொடுக்கிறது.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள்?

வெளிநாட்டுப் பயிற்சிக்குச் செல்பவர்கள் திரும்பி வந்து சேவை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தே போகிறார்கள். ஆயினும் எல்லோரும் திரும்புவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்தது, வரி ஏறியது, பெற்றோலுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதன் பின் எல்லாத் துறைகளிலிருந்தும் டாக்டர்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டில் அரச ஊழியரின் ஓய்வு வயதை 60 ஆகக் குறைக்கும் தீர்மானமும் வந்தது. அதை எதிர்த்து விசேட நிபுணர்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள்.

அவர்கள் போகும் நாடுகளிலும் இதே பஞ்சம்தான். பிரித்தானியாவின் கதிரியக்கவியலாளர் றோயல் கல்லூரி 2023ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கெடுப்பின்படி அங்கே தேவையைவிட 30 சதவீதம் நிபுணர்கள் குறைவு. செல்வந்த நாடு தன் பற்றாக்குறையை நமது பிள்ளைகளைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. நாம் யாரைக் கொண்டு நிரப்புவது? இதனை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனம் 2010இல் சுகாதாரப் பணியாளர்களை வெளிநாடுகளுக்குச் சேர்ப்பது பற்றிய நடத்தைக் கோவை ஒன்றை வெளியிட்டது. எனினும் அது தானாக விரும்பிப் பின்பற்றும் கோவை, கட்டாயப்படுத்தும் சட்டமன்று.

நாட்டில் தங்குபவர்களும் சம அளவில் பரந்திருக்கவில்லை. நமது அரச வைத்திய அமைப்பில் பிரதேச வைத்தியசாலைகளில் பொது டாக்டர்கள் மட்டுமே இருப்பார்கள். ஆதார வைத்தியசாலை மட்டத்திலிருந்துதான் நிபுணர்கள். புதிதாக வரும் நிபுணர் தூர இடங்களில் சில காலம் சேவை செய்கிறார். பின்னர் வருடாந்த இடமாற்றத்தில் கொழும்புக்கோ கண்டிக்கோ போய்விடுகிறார். அவரைக் குறை சொல்வது எளிது. அவருடைய பிள்ளைக்குப் பாடசாலை, தங்குவதற்குத் தகுந்த விடுதி, லீவு எடுத்தால் வேலையைப் பொறுப்பேற்க இன்னொரு நிபுணர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் நாமாயினும் எத்தனை வருடம் இருப்போம்?

தாமதத்தின் விலை

மூளையில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வந்தவருக்கு, உறைவைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்பதை சி.ரி. ஸ்கேனில் உறுதி செய்யாமல் அந்த ஊசியைப் போட முடியாது. லயத்திலிருந்து பாதைக்குத் தூக்கி வரவும், வாகனம் பிடிக்கவும், மழையில் மலை இறங்கவும் எவ்வளவு நேரம் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

மார்பில் கட்டி கண்ட பெண்ணுக்கு விலை வேறு விதமானது. ஸ்கேனுக்கு ஒரு நாள், அறிக்கைக்கு ஒரு நாள், கிளினிக்குக்கு ஒரு நாள். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு 'பேர்' போய்விடும். அரச வைத்தியசாலையில் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் திகதி பல வாரம் தள்ளிப் போனால், வசதியுள்ளவர் தனியாரிடம் சனல் பண்ணி எடுத்துவிடுகிறார். வசதியற்றவர் காத்திருக்கிறார்; கட்டி காத்திருப்பதில்லை.

என்ன செய்யலாம்?

முதலாவது, கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். திக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு இந்திய அரசின் உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில் கொண்ட கட்டடம் 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். இத்தகைய கட்டடமோ எந்திரமோ வரும்போதெல்லாம், "இங்கே அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை? நிரப்பப்பட்டது எத்தனை?" என்று நமது பிரதிநிதிகளிடம் கேட்போம்.

இரண்டாவது, இன்று படங்கள் கணினியில் பதிவாகின்றன. சிறிய ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை இணையம் வழியாகக் கண்டியிலுள்ள நிபுணருக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். நோயாளி பயணம் செய்வதைவிடப் படம் பயணம் செய்வது மேல். ஆனால் அங்கும் வாசிக்க நேரமுள்ள நிபுணர் வேண்டும்.

மூன்றாவது, நமது மண்ணிலிருந்தே பிள்ளைகள் வரவேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் மேலதிக ஒதுக்கீடு பெறும் 16 பின்தங்கிய மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. வாசல் திறந்திருக்கிறது. அதனுள் நுழைய உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் தேவை. இம்மூன்று பாடங்களுக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்து டாக்டர் எப்படி வருவார்?

மருத்துவம் பர்ளு கிபாயா என்பதை நாம் அறிவோம். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில், தம் காலத்து ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரேனும் இல்லாதிருக்க, எல்லோரும் பிக்ஹின் விவாதங்களை நோக்கியே ஓடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறார். ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அந்த வருத்தம் பழையதாகவில்லை. நமது பெண்கள் ஸ்கேனுக்குப் பெண் டாக்டரைக் கேட்கிறார்கள், நியாயமான விருப்பம். அப்படியானால் உயிரியல் படிக்க ஆசைப்படும் மகளை உயர்தரத்தோடு நிறுத்துவது எவ்விதத்தில் நியாயம்? பெண் நிபுணர் இல்லாத இடத்தில் ஆண் நிபுணரிடம் தேவையான அளவு பரிசோதித்துக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. கூச்சத்தால் நோயை மறைத்து வளர்க்க வேண்டாம்.

வீட்டார் கவனத்துக்கு

பழைய எக்ஸ்ரே படங்களையும் அறிக்கைகளையும் ஓர் உறையில் திகதியோடு பத்திரப்படுத்துங்கள். முன்னைய படத்தோடு ஒப்பிட்டாலே பல சந்தேகங்கள் தீரும். கர்ப்பிணியாக இருந்தால், அல்லது இருக்கலாம் என்றாலும், எக்ஸ்ரேக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். சிறுநீரக நோய், ஒவ்வாமை, நீரிழிவு மருந்து பற்றி சி.ரி. ஸ்கேனுக்கு முன்னர் மறைக்காதீர்கள். "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் டொக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். வயிற்றின் சி.ரி. ஸ்கேன் ஒன்றில் உடலில் படும் கதிர், நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு. அதோடு, தேவையற்ற ஒவ்வொரு ஸ்கேனும் தேவையுள்ள ஒருவரை வரிசையில் பின்தள்ளுகிறது.

இன்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இத்துறையைத் தேர்ந்தெடுத்தால், பதினாறு முதல் பதினெட்டு வருடங்களில் ஒரு நிபுணராக நம் முன் நிற்கலாம், இன்ஷா அல்லாஹ். நீண்ட காலம்தான். அதனாலேயே இந்த வருடத்தை வீணாக்கக் கூடாது.