பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்



நம் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அந்தக் காலத்தில் பலர் ரீயூனியன் தீவுக்கும் சைகோனுக்கும் கப்பலேறிப் போனதை உங்கள் தாத்தா, பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதேபோல நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலேசியாவுக்குப் போனவர்கள் ஏராளம். அப்போது அந்த நாட்டின் பெயர் மலாயா. ஆங்கிலேயர் ஆட்சி நடந்தது. எதற்காகப் போனார்கள் தெரியுமா? ரப்பர் தோட்டங்களில் வேலை செய்ய!

நீங்கள் பென்சிலால் எழுதியதை அழிக்கும் ரப்பரும், சைக்கிள் டயரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வந்த பொருள்கள்தாம். (இப்போது செயற்கை ரப்பரும் உண்டு.) ரப்பர் மரத்தின் தாய்நாடு தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டு அதன் விதைகளை ஆங்கிலேயர்கள் லண்டனுக்குக் கொண்டுபோய் முளைக்க வைத்தார்கள். அங்கிருந்து கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. பிறகு மலாயாவில் காடுகளை அழித்து மைல் கணக்கில் ரப்பர் தோட்டங்கள் போட்டார்கள்.

ரப்பர் மரத்தில் பால் எடுப்பது எளிய வேலையில்லை. பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். வளைந்த கத்தியால் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாக வெட்டினாலும் மரம் கெட்டுவிடும். வடியும் பாலைக் கிண்ணத்தில் பிடித்து, வாளியில் சேர்த்து, தூக்கிக்கொண்டு வர வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை.

இந்தத் தொழிலாளர்களுக்காகப் பாடுபட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் துன் வீ. தி. சம்பந்தன். 'துன்' என்பது மலேசிய அரசர் வழங்கும் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்று. 'வீ. தி.' என்பதன் விரிவு வீராசாமி திருஞானசம்பந்தன். ஆமாம், சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தரின் பெயர்தான்!

நத்தை ஆற்றில் பிறந்தவர்

சம்பந்தன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் என்னும் ஊரில் பிறந்தார். மலாய் மொழியில் 'சுங்கை' என்றால் ஆறு. 'சிப்புட்' என்றால் நத்தை. வேடிக்கையான பெயர் அல்லவா?

அவருடைய தந்தை வீராசாமி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து மலாயாவுக்குப் போனவர். கடுமையாக உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, கடைசியில் தாமே ரப்பர் நிலங்களுக்குச் சொந்தக்காரர் ஆனார். தோட்டத்தில் வேலை செய்பவர்களே அந்தத் தோட்டத்தை வாங்க முடியுமா என்ற கேள்வி பின்னாளில் எழுந்தது. சம்பந்தனுக்கு அது புதிய கேள்வியாக இருந்திருக்காது. தந்தையின் உழைப்பை அவர் அறிந்தவர் அல்லவா?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சம்பந்தன் மேற்படிப்புக்கு எங்கே வந்தார் தெரியுமா? நமக்கு அருகிலேயே! சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு. புதுச்சேரியில் பஸ் ஏறினால் கடலூரைத் தாண்டி இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. இங்கு கண்டதும் கேட்டதும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன.

ஊர் திரும்பியவர் ரப்பர் நிலங்களைக் கவனித்துக்கொண்டே பொதுவாழ்விலும் இறங்கினார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியை உருவாக்கினார். 1954-இல் அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். நம் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டதும் அதே 1954-ஆம் ஆண்டில்தான்!

1955-இல் சம்பந்தன் மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவரானார். அதே ஆண்டில் அமைச்சரும் ஆனார். 1957 ஆகஸ்ட் 31 அன்று மலாயா சுதந்திரம் பெற்றது. அந்த விடுதலைக்குப் பாடுபட்ட தலைவர்களில் அவரும் ஒருவர். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு எனப் பல துறைகளுக்கு அமைச்சராக இருந்தார். கட்சிப் பணிக்காகவும் ஏழைகளுக்கு உதவவும் தந்தை விட்டுச் சென்ற நிலத்தில் ஒரு பகுதியை அவர் விற்றுவிட்டார்.

துண்டு துண்டான தோட்டங்கள்

சுதந்திரம் வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர்களுக்குப் புதிதாக ஒரு துன்பமும் வந்தது.

பெரிய தோட்டங்களில் பல ஐரோப்பியக் கம்பெனிகளுக்குச் சொந்தமானவை. அவர்களில் பலர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, தனித்தனி ஆட்களுக்கு விற்றார்கள். இதைத் 'தோட்டத் துண்டாடல்' என்றார்கள்.

நிலத்தை விற்பது சொந்தக்காரர் விருப்பம்தானே, அதனால் மற்றவர்களுக்கு என்ன துன்பம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு தோட்டம் என்பது வெறும் மரங்கள் மட்டும் இல்லை. அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் படிக்கத் தமிழ்ப் பள்ளி இருந்தது. திருவிழா நடக்க மாரியம்மன் கோயில் இருந்தது. தோட்டம்தான் அவர்களுக்கு ஊர்! ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ வாங்கியவருக்கு இத்தனை பேர் தேவையில்லை. குடும்பத்தோடு அவரே பால் எடுத்துக்கொள்வார். தொழிலாளிக்கு வேலை போயிற்று. வேலையோடு சேர்ந்து வீடும் போயிற்று. பிள்ளைகளின் படிப்பும் நின்றது. பிறந்து வளர்ந்த இடத்தில் அவர்களுக்கென்று ஒரு சாண் நிலம்கூட இல்லை.

இதற்கு என்ன வழி? சம்பந்தன் ஒரு வழி சொன்னார். "தோட்டத்தை யாரோ வாங்குவதற்குப் பதில் நாமே வாங்கினால் என்ன?" என்பதே அவருடைய எண்ணம்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

கூலி வேலை செய்பவர்கள் ஒரு பெரிய தோட்டத்தை வாங்க முடியுமா? தனியாக முடியாது. சேர்ந்தால்?

1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. (அந்த நாட்டின் அப்போதைய பணமான டாலரை நம்மவர்கள் 'வெள்ளி' என்றார்கள்.) மொத்தமாகக் கட்ட வேண்டாம். மாதம் 10 வெள்ளி கட்டினால் போதும். பத்தே மாதத்தில் நீங்கள் பங்குதாரர்!

இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 100 வெள்ளி கட்டினால் அதை வைத்து ஒரு தோட்டத்தின் மூலையைக்கூட வாங்க முடியாது. ஆயிரம் பேர் கட்டினால்? ஒரு லட்சம். பத்தாயிரம் பேர் கட்டினால்? பத்து லட்சம் வெள்ளி! ஒரு துளி தரையில் விழுந்தால் காய்ந்துவிடும். ஊரெல்லாம் பெய்தால் ஏரி நிரம்பும். சங்கம் செய்தது இதைத்தான்.

வங்கியும் பலருடைய சேமிப்பைச் சேர்த்துத்தான் இயங்குகிறது. ஆனால் பெரும்பாலான வங்கிகளில் பணம் போடுபவர் வேறு, முதலாளி வேறு. கூட்டுறவில் பணம் போடுபவரே முதலாளி! அதிகப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டுதான், ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டுதான் என்பது கூட்டுறவின் விதி.

ஆனால் பத்து வெள்ளி என்பது அந்தத் தொழிலாளிக்குச் சின்னத் தொகை இல்லை. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டித்தான் அதை மிச்சம் பிடிக்க வேண்டும். "கொடுத்த பணம் திரும்பி வருமா?" என்ற பயமும் இருக்கும் அல்லவா? அதனால் சம்பந்தன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகப் போனார். மக்களிடம் நேரில் பேசினார். அவர் மனைவி உமாசுந்தரியும், கே. ஆர். சோமசுந்தரம் போன்றவர்களும் உடன் பாடுபட்டார்கள்.

கடாரத்தில் முதல் தோட்டம்

சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சீடிம். கெடா என்றால் எது தெரியுமா? நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் கடாரம்தான்! ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜேந்திர சோழன் கடற்படை அனுப்பி வென்று, 'கடாரம் கொண்டான்' என்று பெயர் பெற்றான். அதே மண்ணில் தமிழ்த் தொழிலாளர்கள் ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். இந்த முறை வாள் இல்லை, போர் இல்லை. மாதம் பத்து வெள்ளி மட்டும்தான்!

பிறகு ஒன்றன் பின் ஒன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் உறுப்பினர்கள் ஆனார்கள். கிடைத்த லாபத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது.

எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடிந்ததா? இல்லை. சங்கத்தின் பணம் போதாமல் துண்டாடப்பட்ட தோட்டங்களே அதிகம். அங்கிருந்தவர்கள் வேலை தேடி வேறிடம் போனார்கள். கட்சிக்குள்ளும் சம்பந்தனுக்கு எதிர்ப்பு வளர்ந்தது. 1973-இல் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் அவர் விடவில்லை. 1979 மே 18 அன்று மறையும் வரை அதற்காக உழைத்தார். அவருக்குப் பின் உமாசுந்தரி அம்மையார் அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

நீங்கள் என்றாவது கோலாலம்பூர் போனால் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலையைப் பார்க்கலாம். மோனோரயில் நிலையம் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். சங்கத்தின் கட்டடமும் 'விஸ்மா துன் சம்பந்தன்' என்ற பெயரோடு நகரத்தின் நடுவே நிற்கிறது.

உங்கள் தெருவிலும் உண்டு

மாணவச் செல்வங்களே, இது எங்கோ நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் அம்மாவோ, பக்கத்து வீட்டு அத்தையோ மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார்களா? வாரமோ மாதமோ அவர்கள் சேர்க்கும் பணம் எங்கே போகிறது, யாருக்குக் கடனாகக் கிடைக்கிறது, கணக்கை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முன்பு பள்ளிகளில் 'சஞ்சயிகா' என்று ஒரு சேமிப்புத் திட்டம் இருந்தது. அதில் பத்துப் பைசா, நாலணா கட்டிய அனுபவம் உங்கள் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இருக்கலாம். அதையும் கேளுங்கள்.

வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சேமிப்பு தொடங்கலாமே! மாதம் ஐந்து ரூபாய் போதும். கணக்கு நோட்டு ஒன்று போடுங்கள். கணக்கு எழுதுபவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் இன்னொருவர் என்று இருக்கட்டும். மாதக் கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கைப் படியுங்கள். ஆண்டு முடிவில் 600 ரூபாய் இருக்கும். அதை வைத்து என்ன வாங்குவது என்று பத்துப் பேரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். வகுப்பு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம், விளையாடப் பந்து வாங்கலாம். எதை வாங்கினாலும் அது ஒருவருடையது ஆகாது. பத்துப் பேருக்கும் சொந்தம்!