கரன்ட் போனாலும் வழியாத சம்ப்... கடல் மீன் தொட்டிக்கு ஓர் எளிய கணக்கு!

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். இத்தகைய கடல் மீன்களை வளர்க்க நினைப்பவர்களுக்கு முதல் தேவை, சுத்தமான உப்புத் தண்ணீர். அந்த வேலையைச் செய்வதுதான், மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் 'சம்ப்' என்கிற வடிகட்டும் தொட்டி.

சம்ப்பை மூன்று அறைகளாகத் தடுக்க வேண்டும். மேல்தொட்டியில் இருந்து வழியும் தண்ணீர் முதல் அறையில் விழும். அங்குள்ள வலைப்பையும் புரோட்டீன் ஸ்கிம்மரும் கழிவைப் பிரித்துவிடும். இரண்டாம் அறையில் உள்ள பீங்கான் வளையங்களில் வாழும் பாக்டீரியா, அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். மூன்றாம் அறையில் உள்ள மோட்டார், தண்ணீரை மேலே ஏற்றும்.

பலர் கோட்டைவிடுவது மின்வெட்டில்தான். மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் கீழே இறங்கும். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் 2 அங்குலம் இறங்கினால், அது சுமார் 28 லிட்டர். 3 அடி நீளம், 1 அடி அகலமுள்ள சம்ப்பில் இது 4 அங்குலம் ஏறும். அதனால், மோட்டார் ஓடும்போது சம்ப்பில் 6 அங்குலமாவது காலியாக இருக்க வேண்டும்.

தண்ணீர் ஏற்றும் குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால், டியூப் வைத்து உறிஞ்சியதுபோல தொட்டியே இறங்கிவிடும். குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு அருகிலேயே வைத்து, மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால், அதன் வழியே காற்று புகுந்து இறக்கம் நின்றுவிடும். வால்வை மட்டும் நம்பக் கூடாது. உப்புப் படிந்தால் அது சரியாக மூடாது. துளையையும் வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.

முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி, மோட்டாரை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துப் பார்க்க வேண்டும். வழியவில்லை என்றால் மட்டுமே உப்புத் தண்ணீர். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீன். இதற்குச் சில வாரங்கள் ஆகும். மின்வெட்டு நேரத்தில் காற்று கொடுக்க, பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் கைவசம் இருப்பது அவசியம்.

வெயிலில் வற்றுவது தண்ணீர்தான். உப்பளத்தைப் போல உப்பு தங்கிவிடும். எனவே, வற்றிய அளவுக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

அழகுக்காகக் கடலில் இருந்து பவளப்பாறையை எடுத்துவந்து வைக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். மீன்கள் ஒதுங்க, சுட்ட மண்சட்டித் துண்டுகளே போதும்!